எமிலைக் கீழே அனுப்பு

எங்கள் மேட்டுத் தெருவில் ஆலைக்குப் போகும் ஆண்கள் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. பக்கத்துச் சந்தில் நிலவறைக்கு ஒரு கதவு இருக்கும். அதன் வழியாக நுழைந்து, கரியும் வேர்வையுமாக இருக்கும் உடுப்பை உரித்துப் போட்டு, அங்கேயே குழாயடியில் குளித்துவிட்டுத்தான் படியேறிச் சமையலறைக்கு வருவார்கள். எமில் ஹுடாக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வந்தான். அவன் வீட்டு நிலவறையில் கால் ஆடுகிற பழைய நாற்காலி ஒன்று, மூலையில் தடுப்புகூட இல்லாத கழிப்பறை, நடுவில் வீட்டைச் சூடாக்கும் பெரிய அடுப்பு. அடுப்பின் தலையிலிருந்து தடித்தடியாகத் தகரக் குழாய்கள் கிளம்பி ஒவ்வோர் அறைக்கும் போகும். சுவரோரம் அவன் மனைவி மில்லி போட்ட ஊறுகாய் ஜாடிகள்.

எமிலின் கதையை அந்த நிலவறையில்தான் ஆரம்பிக்க வேண்டும். முடிவதும் அங்கேதான்.

அவன் அதிகம் பேசுகிற ஆளில்லை. உருக்கு உலைக்கு முன்னால் நின்று நின்று காது பாதி போய்விட்டதென்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஏதாவது கேட்டால் "ஆங்?" என்பான். மறுபடி கேட்டால் சிரிப்பான். அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. மில்லிக்கு நேர்மாறான வாய். அவள் தம்பி ரூடி பென்கோவுக்கோ அக்காவையே தூக்கிச் சாப்பிடுகிற வாய். "எங்க மச்சான்கிட்ட ஒரு ரகசியத்தச் சொன்னா அது ரகசியமாவே இருக்கும். அவருக்கே தெரியாது" என்று அவன் சொல்லும்போதெல்லாம் எமிலும் சேர்ந்து சிரிப்பான். காது கேட்காதவன் சரியான இடத்தில் எப்படிச் சிரிக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான டெரிங்டன் ஹாமர்ஸ் ஒரு தடவையாவது கோப்பையை ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஊருக்கே அந்த ஆசைதான். தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறான்கள் என்று நாங்களே ஹாமர்ஸைத் திட்டுவோம். அதையே வெளியூர்க்காரன் சொன்னால் அடிக்கப் போவோம். மில்லியின் அப்பா சாகக் கிடந்தபோது பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் ஸ்கோர் கேட்டார். பாதிரியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மில்லி அந்த முகத்தை மறக்கவே இல்லை.

அந்த வருஷம் கோடையில், கீழ்க்கரை உலைகளைப் அடுத்த வசந்தத்தில் அணைத்துவிடப் போவதாக ஆலை நிர்வாகம் அறிவித்தது. முதல் வீச்சிலேயே ரூடிக்கு வேலை போயிற்று. எமில் பழைய ஆள், அவனுக்கு இன்னும் சில மாதம் இருந்தது. ஆற்றங்கரை மதுக்கடையில் ஆண்கள் குடிக்கக்கூடத் தோன்றாமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரே இழவு வீடு மாதிரி இருந்த அந்த வருஷம் பார்த்துத்தான் ஹாமர்ஸ் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் ஆட்டம் செப்டம்பரில். ஹுடாக் வீட்டு வரவேற்பறையில் வழக்கமான கூட்டம். ரூடி, பக்கத்து வீட்டு வால்ட் செட்லாக், வால்ட்டின் மனைவி ஃப்ளோ. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஹாமர்ஸ் பின்தங்கியிருந்தார்கள். முட்டைக்கோஸ் சுருளுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் தீர்ந்துவிட்டதைப் பார்த்த மில்லி, "எமில், கீழ போய் ஒரு ஜாடி எடுத்துட்டு வா" என்றாள். எமில் இறங்கிப் போன நேரத்தில் ஹாமர்ஸ் ஆள் ஒருவன், எதிராளி வீசிய பந்தைக் காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். எமில் ஜாடியோடு மேலே வந்தபோது வால்ட் சோபாமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு? எதப் பாக்காம விட்டேன்?"

"எல்லாத்தையும் விட்டுட்டீங்க மச்சான்!" என்றான் ரூடி.

அடுத்த ஞாயிறும் அதே நிலைமை. கையில் இருந்த ஆட்டம் கடைசியில் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரூடி விளையாட்டாக, "மச்சான், போன வாரம் மாதிரி கொஞ்சம் கீழ போயிட்டு வாங்களேன்" என்றான். எமில் சிரித்துக்கொண்டே போனான். எதிராளியின் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது, ஹாமர்ஸ் ஜெயித்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காலமெல்லாம் பனம்பழத்தையே பார்க்காதவனுக்குக் காக்கைதான் தெய்வம். மூன்றாவது ஞாயிறு எமில், "போங்கடா, நானும் பாக்கணும்" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஹாமர்ஸ் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் அது.

ரூடி அன்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, எமிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அதற்கு வசவே தேவலை.

ஜெயிக்கிறபோது எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஊரில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. வால்ட் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் காலுறையைத் துவைக்கவிடவில்லை. ஃப்ளோ முதல் ஆட்டத்தில் சோபாவின் கைப்பிடிமேல் உட்கார்ந்திருந்ததால், இடுப்பு விட்டுப்போனாலும் கடைசிவரை அங்கேயே உட்கார்ந்தாள். எமிலின் பங்கு நிலவறை. கடைசிக் கால்பகுதி ஆரம்பித்ததும் அவன் கீழே போக வேண்டும். முதல் நாள் அவன் கையில் ரேடியோ இல்லை, அதனால் ரேடியோ கூடாது. நிலவறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. யாரும் இறங்கிப் போய் அவனோடு பேசவும் கூடாது.

அடுப்படியில் கிடந்த ஸ்பானரை எடுத்து எமில் தகரக் குழாயில் தட்டுவான். அந்தக் குழாய் போய் முடியும் வரவேற்பறைத் தரைக் கம்பிவலை வழியாக அந்தச் சத்தம் மேலே வரும். வரலாமா என்று கேட்கிறான் என்று அர்த்தம். மில்லி குதிகாலால் தரையில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் இல்லை, இரண்டு தட்டினால் வா. ஆனால் அந்த ஒற்றைத் தட்டுக்குப் பருவம் முழுக்க வேலையே வரவில்லை. ஆட்டம் முடிந்த மறு நொடிதான் கீழேயிருந்து 'டங்' என்று கேட்கும்.

"மச்சானுக்கு மூக்குல வேர்த்துடும்பா" என்பான் ரூடி.

"கால் சத்தத்துலயே தெரியும் மாப்ள" என்பான் எமில். "குதிச்சா ஜெயிச்சோம். நடந்தா தோத்தோம்."

மேலே வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஜெயிச்சோமா மில்லி?" மில்லி அவனைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, உப்பு டப்பாவையும் கரண்டியையும் ஆட்களாக நிறுத்தி, எவன் எங்கே ஓடினான், எவன் எவனைச் சாய்த்தான் என்று ஒன்று விடாமல் காட்டுவாள். அவன் கண்ணை அகல விரித்து, "அப்புறம்?" என்பான். "அய்யோ, பந்த விட்டுட்டானா?" என்பான். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அந்த அரைமணி நேரம் மில்லிக்கு ஆட்டத்தைவிட நன்றாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

விஷயம் தெருவுக்குப் பரவி, ஆலைக்குப் பரவி, கோயிலுக்கும் போய்விட்டது. உலைக்கு எதிரே நின்றவர்கள், "எமிலு, ஞாயித்துக்கிழம எங்க இருப்ப?" என்று கத்துவார்கள். "நிலவறையில!" என்று அவன் பதிலுக்குக் கத்த வேண்டும். மதுக்கடையில் ஆட்டம் இழுபறியானால் மொத்தக் கூட்டமும் மேசையைத் தட்டும்: "எமிலைக் கீழே அனுப்பு! எமிலைக் கீழே அனுப்பு!" அந்த மதுக்கடைக்கும் ஹுடாக் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைச்சரிவே இருந்தது. கறிக்கடைக்காரர் மில்லிக்கு மட்டும் நல்ல துண்டாக ஒதுக்கி வைத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அவருக்குக் கம்பளி போட்டு அனுப்புறியா? கீழ குளிருமே?" என்று விசாரித்தார்கள். யாருக்கும் தெரியாத ஒருத்தனின் மனைவியாக இத்தனை காலம் இருந்தவளுக்கு அது இனித்தது. இனிக்காது என்று சொன்னால் அது பொய்.

நவம்பரில் எமிலுக்குப் படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் நிலவறைப் படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மில்லி பார்த்துவிட்டாள்.

"என்ன?"

"வாயு."

வாயு இல்லை. ஆலை மருத்துவர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார். வெளியூரில் இருக்கும் மகள் ஐரீன் அதைக் கேள்விப்பட்டு, விடாமல் போனைச் சுழற்றி, வருஷக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இதய மருத்துவரிடம் காட்டினாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. நெஞ்சுக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது, உடனே சேர்த்து அறுவை செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் பொறுப்பு உங்களுடையது என்றார். ஜனவரி நடுவில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்குள் ஹாமர்ஸ் அரையிறுதியைத் தாண்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளுக்கு அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம்.

முதலில் அதைச் சொன்னவன் ரூடி. சமையலறையில் காபி குடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அப்ப ஞாயித்துக்கிழம நிலவறைல யாரு?" என்றான்.

"டேய், அவன் நெஞ்சக் கிழிக்கப் போறாங்கடா" என்றாள் மில்லி.

"நான் ஒண்ணும் சொல்லல அக்கா. சும்மா கேட்டேன்." கோப்பையைக் கழுவி வைத்தான். வேலை போனதிலிருந்து அவன் கோப்பையெல்லாம் கழுவி வைக்கிறான். "எனக்கு இந்த வருஷம் இது ஒண்ணுதான் இருக்கு. வேற என்ன இருக்கு, சொல்லு."

எமில் மேசையில்தான் இருந்தான். மில்லி அவன் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, "நீ என்ன சொல்ற? தேதியக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தோணுதோ" என்றான் எமில்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். பின்னால் அவள் தனக்குத்தானே அதிகம் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்கிற ஆளே இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வீட்டில் ஒரு விசேஷம் என்று சொல்லி, தேதியை மாற்றியவள் மில்லிதான். எதிர்முனையில் இருந்த பெண் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னாள்.

ஐரீன் போனில் கொதித்தாள். "அம்மா, அது ஆட்டம்மா. வெறும் ஆட்டம்!"

"உங்க தாத்தாகிட்ட போய்ச் சொல்லு" என்று மில்லி வைத்துவிட்டாள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் எமில் அவளுக்குக் கசகசா ரொட்டி உருட்ட உதவிக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. மாவுக் கையோடு நின்றபடி, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மில்லி, இந்த ஒரு தடவ நான் மேலயே உக்காந்து பாக்கட்டுமா?"

அவள் சிரித்தாள். "பைத்தியமா உனக்கு? தோத்துட்டா தெருவே வந்து வீட்டக் கொளுத்தும். அப்புறம் நீ எந்த நிலவறைல போய் உக்காருவ?"

"அதுவும் சரிதான்" என்றான்.

மாவை உருட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மூன்று கால்பகுதி எமில் மேலே இருந்தான். சாசேஜ் தட்டைத் தொடவில்லை, முகம் வெளுத்திருந்தது. எல்லோருக்குமே வெளுத்துத்தான் இருந்தது. கடைசிக் கால்பகுதிக்கு முன்னால் விளம்பரம் ஓடியபோது எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எமில் எழுந்து கம்பளிக் கோட்டை மாட்டினான். வால்ட் எழுந்து நின்று கை குலுக்கினான். ரூடி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அப்போதும் சிரித்தார்கள்.

"போயிட்டு வரேன்" என்றான் எமில், ஏதோ இரவு முறை வேலைக்குப் போகிறவன் மாதிரி.

ஆட்டம் தலைகீழாகப் புரண்டு புரண்டு வந்தது. ஹாமர்ஸ் முன்னே போனார்கள், பின்தங்கினார்கள், மறுபடி நான்கு புள்ளி முன்னே வந்தார்கள். பந்து எதிராளியிடம். கோட்டைத் தாண்ட அவர்களுக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி, நேரமும் கொஞ்சம்தான் பாக்கி. ஃப்ளோ கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது. டங். டங். டங்டங்.

"இன்னிக்கு மச்சானுக்கே பொறுக்கல!" என்றான் ரூடி. சிரித்தான், கண் திரையைவிட்டு நகரவில்லை.

மறுபடியும் டங். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

மில்லி சோபாவிலிருந்து பாதி எழுந்தாள். ஃப்ளோ கண்ணைத் திறந்து, "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன் மில்லி" என்றாள்.

"அக்கா, அந்தக் கதவத் தொறந்த, அவ்வளவுதான்" என்றான் ரூடி. "கெஞ்சிக் கேக்குறேன். ரெண்டு நிமிஷம்."

மில்லி கதவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்பாவின் முகமும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது. "விடு, இருக்கட்டும்" என்று உட்கார்ந்தாள். "பொறுமையில்லாம தட்டுறான். ரெண்டு நிமிஷத்துல செத்தா போயிடுவான்?"

குதிகாலால் தரையில் ஒரு தட்டு தட்டினாள். இன்னும் இல்லை.

கீழே சத்தம் நின்றது.

எதிராளிக்கு இருந்தது நான்கு முயற்சி, நான்கிலும் முட்டினான். நான்கு தடவையும் ஹாமர்ஸ் ஆட்கள் சுவர் மாதிரி நின்றார்கள். கடைசித் தடவை குவியலுக்கு அடியிலிருந்து ஆட்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அதற்கப்புறம் வரவேற்பறையில் என்ன நடந்தது என்று யாருக்கும் ஒழுங்காக ஞாபகம் இல்லை. வால்ட் அழுதான். ரூடி தரையில் மண்டியிட்டு முத்தம் கொடுத்தான். வெளியே கார்க்காரர்கள் ஒலிப்பானை அழுத்த, ஆலைச் சங்கை எவனோ இழுத்துப் பிடித்துக்கொண்டான். மில்லி குதிகாலால் இரண்டு தட்டு தட்டினாள். பதில் இல்லை. மறுபடியும் இரண்டு. அழுதுகொண்டிருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எமில் நாற்காலியில் இல்லை. படிக்கட்டின் அடியில், கைப்பிடியைப் பிடித்த கையோடு, முகம் கீழ்ப்படியில் பதிந்து கிடந்தான். ஸ்பானர் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது.

ஆம்புலன்ஸ் தெருமுனைவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மேட்டுத் தெரு முழுக்க ஜனம். வண்டி வெளிச்சத்தையும் கொண்டாட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து அதன் கூரைமேல் ஏறி ஆடினார்கள். நாங்கள்தான் ஆடினோம்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஆலை முதலாளிக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. யாரோ பெட்டிக்குள் ஹாமர்ஸ் தொப்பியை வைத்தார்கள். வரிசையில் வந்து கை கொடுத்த ஒவ்வொருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அவருதாங்க ஜெயிக்க வெச்சாரு." "நமக்காக உசுர வெச்சு உக்காந்திருந்தாரு." "கடைசிக் கோட்டுல தடுத்தது அவருதான்." ரூடி குழந்தை மாதிரி தேம்பினான். ஐரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "இந்த வாரம் அவர் ஆஸ்பத்திரில இருந்திருக்கணும்." பிறகு போய்விட்டாள், போன் செய்வதும் நின்றது.

வசந்தத்தில் சொன்னபடி உலைகளை அணைத்தார்கள். கோப்பை ஜெயித்த ஊர் என்று யாரும் தயவு காட்டவில்லை.

மில்லி எப்படியோ நாளைத் தள்ளினாள். ஊர் கொடுத்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள் என்று சொல்லலாம். அவளிடம் சொந்தமாகவும் சில வார்த்தைகள் இருந்தன. சட்டென்று வந்த சாவு, வலியே தெரிந்திருக்காது. தட்டினது எப்போதும்போல ஸ்கோர் கேட்கத்தான். அவனுக்கோ காது கேட்காது, நாம் மேலே பேசினது எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கடைசியைத்தான் அவள் ஜெபம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

செப்டம்பர் வந்தது. முதல் ஆட்டத்தன்று ரூடியும் வால்ட்டும் ஃப்ளோவும் வந்தார்கள். அவளைத் தனியாக விடக் கூடாது என்று வந்தார்கள், நல்ல எண்ணம்தான். ஃப்ளோ பழக்க தோஷத்தில் கைப்பிடிமேலேயே உட்கார்ந்தாள். எமிலின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசிக் கால்பகுதியில் ஹாமர்ஸ் பின்தங்கினார்கள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"இல்ல, சும்மாதான் சொல்றேன்..." என்று ரூடி ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வாய மூடுறா" என்றான் வால்ட்.

மில்லி எழுந்தாள். "நான் போறேன்."

"அக்கா, நான் அந்த அர்த்தத்துல..."

"தெரியும். நான் போறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். துணி துவைக்க எத்தனையோ தடவை இறங்கியவள்தான். ஆனால் அப்போதெல்லாம் துவைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும், மேலே பேசவும் ஆள் இருக்காது. அந்தப் பழைய நாற்காலி அடுப்புப் பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்தாள், அது ஒரு பக்கம் ஆடியது. ஸ்பானரை யாரோ அலமாரியில் எடுத்து வைத்திருந்தார்கள்.

"அக்கா ரொம்ப மெலிஞ்சிட்டா" என்றான் ரூடி.

மில்லி திடுக்கிட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. குரல் தகரக் குழாயிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"சாப்பிடுறதே இல்ல போலிருக்கு" என்றாள் ஃப்ளோவின் குரல். அப்புறம் இன்னும் தாழ்த்தி, கிசுகிசுப்பாக, "அன்னிக்கு நான் போய்ப் பாருன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"ஷ்ஷ். இப்ப எதுக்கு அது."

பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வால்ட் மூக்கை உறிஞ்சியது கேட்டது. தொலைக்காட்சி வர்ணனையாளர் எத்தனாவது முயற்சி, இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வது கேட்டது. கீழேயிருந்து தட்டினால் மேலே கேட்கிற குழாயில், மேலே பேசினால் கீழே கேட்கும் என்று அந்த வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை. பாதிக் காது போனவனுக்கும் அது போதும்.

அப்படியானால் அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு ஓட்டமும். ஜெயித்தது தெரிந்துதான் மேலே வந்து "ஜெயிச்சோமா மில்லி?" என்று கேட்டிருக்கிறான். உப்பு டப்பாவையும் கரண்டியையும் அவள் நகர்த்தி நகர்த்திச் சொன்னபோது, தெரிந்த கதைக்கே கண்ணை விரித்து "அப்புறம்?" என்றிருக்கிறான். அவள் சொல்ல வேண்டும் என்பதற்காக.

ஆட்டம் முடிந்த மறு நொடி அவன் எப்படித் தட்டினான் என்பதும் இப்போது புரிந்தது. முடிந்தது தெரிந்துதான் தட்டினான். பருவம் முழுக்க ஒரு தடவைகூட அவன் ஆட்டம் முடிவதற்கு முன்னால் தட்டியதில்லை. அந்தக் கடைசி நாள் தவிர. அன்று ஆட்டம் முடியவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தட்டினான். அவன் கேட்டது ஸ்கோர் இல்லை.

தட்டிவிட்டுக் காத்திருந்தபோது, ரெண்டு நிமிஷத்துல செத்தா போயிடுவான் என்று அவள் சொன்னது இதே குழாய் வழியாகத்தான் வந்திருக்கும். அதற்கப்புறம் குதிகால் சத்தம். அதற்கப்புறம்தான் அவன் தட்டுவதை நிறுத்தினான்.

மில்லி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் மேலே போய்விடும் என்று பொத்திக்கொண்டாள்.

மேலே திடீரென்று கூச்சல் கிளம்பியது. குதித்தார்கள். நிலவறைக் கூரையிலிருந்து தூசு உதிர்ந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அடங்கினார்கள். யாரோ குதிகாலால் தரையில் மெல்ல இரண்டு தட்டு தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு.

"அக்கா, ஜெயிச்சிட்டோம். மேல வா" என்றான் ரூடி. கூப்பிட மனமில்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலத்தான் சொன்னான். அதுவும் தெளிவாகக் கேட்டது.